அடிக்கோட்டுக்குக் கீழே இறங்கிய ஆயில்: ஊற்றுவதற்கு முன்னும் பின்னும்

காவேரிப்பட்டினத்திலிருந்து ஓசூருக்குத் தினமும் காரில் வேலைக்குப் போய்வரும் ஒருவர் கேட்டிருக்கிறார். 2016-ஆம் ஆண்டின் 1.3 லிட்டர் டீசல் கார், பழையதாக வாங்கியது, 92,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. ஆயில் மாற்றி 5,800 கிலோமீட்டர் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை தற்செயலாக பானட்டைத் திறந்து ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவிப் பார்த்தால், குறைந்தபட்ச அளவைக் காட்டும் அடிக்கோட்டுக்குக் கீழே ஆயில் நிற்கிறது. சர்வீஸ் செய்த இடத்தில் கேட்டதற்கு, “சிவப்பு விளக்கு எரியவில்லை அல்லவா? 10,000-இல் மாற்றும்போது பார்த்துக்கொள்ளலாம்” என்று சொல்லியிருக்கிறார்கள். காத்திருக்கலாமா, எந்த ஆயிலை எவ்வளவு ஊற்றுவது, இன்ஜின் கெட்டுவிட்டதா என்பவை அவருடைய கேள்விகள்.

தம்பி, காத்திருக்க வேண்டாம். நாளைக் காலை வண்டியைக் கிளப்புவதற்கு முன்பே ஆயிலை ஊற்றிவிடுங்கள். ஆயில் வாங்கிவரக்கூட அந்தக் காரை எடுக்காதீர்கள். இருசக்கர வண்டியில் போய் வாங்கி வாருங்கள். இன்ஜின் கெட்டுவிட்டதா என்ற கேள்விக்கு மட்டும் இன்றைக்கு யாராலும் விடை சொல்ல முடியாது. ஏன் முடியாது என்பதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் அந்தச் சிவப்பு விளக்கு. இருபத்தாறு ஆண்டுகளாகத் தருமபுரியில் வாடகை வண்டிகளை ஓட்டியும் பராமரித்தும் வருகிறேன். நல்ல இன்ஜின்கள் வீணாய்ப் போனதை நான் பார்த்தவரையில், காரணம் பெரும்பாலும் இந்த விளக்கின் மேல் வைத்த நம்பிக்கைதான். டாஷ்போர்டில் எண்ணெய்க் குடுவைபோல் எரியும் அந்தச் சிவப்பு விளக்கு ஆயிலின் அளவைக் காட்டுவதில்லை. ஆயிலின் அழுத்தத்தைக் காட்டுகிறது. இரண்டும் வேறு வேறு. நம் பக்கத்து விவசாயிக்கு இதைப் புரியவைப்பது எளிது. போர்வெல்லில் தண்ணீர் மட்டம் மாதக்கணக்கில் இறங்கிக்கொண்டே போகும். ஆனால் மோட்டார் தண்ணீருக்குள் மூழ்கியிருக்கும்வரை குழாயில் வேகம் குறையாது. மட்டம் மோட்டாரின் வாயைத் தொட்டு, தண்ணீரோடு காற்றும் சேர்ந்து வரும்போதுதான் குழாய் விக்கி விக்கிக் கொட்டும். இன்ஜினும் அப்படியே. அடியிலுள்ள தொட்டியில், அதாவது ஆயில் சம்ப்பில், ஆயில் பாதியாகக் குறைந்திருந்தாலும் பம்பின் வாய் மூழ்கியிருக்கும்வரை அழுத்தம் சரியாகவே இருக்கும், விளக்கும் எரியாது. அது எரியும்போது பம்ப் காற்றை இழுக்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். இன்ஜினின் முக்கியச் சுழல் அச்சான கிராங்க்கின் பேரிங்குகளுக்கும், காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போவுக்கும் ஆயில் போவது அந்த நொடியில் அறுபடுகிறது. டர்போவின் அச்சு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலக்கூடியது. மெல்லிய ஆயில் படலம் ஒன்றுதான் அதைத் தாங்கிநிற்கிறது.

சில புதிய கார்களில் அளவைக் காட்டத் தனி உணர்வியும் மஞ்சள் விளக்கும் இருக்கின்றன. கம்பியே இல்லாமல் திரையில் அளவைக் காட்டும் கார்களும் வந்துவிட்டன. உங்கள் காரில் அளவைச் சொல்வது அந்தக் கம்பி மட்டுமே.

நான் இதைப் புத்தகத்தில் படித்துக் கற்றவனல்லன். 2011-ஆம் ஆண்டு மே மாதம் என் சொந்த டீசல் வண்டியில் ஏழு பேரை ஏற்றிக்கொண்டு ஒகேனக்கல் போய்விட்டு, மாலையில் பென்னாகரத்துக்கு மலையேறிக்கொண்டிருந்தேன். ஒரு வளைவில் சிவப்பு விளக்கு ஒருமுறை எரிந்தது. வளைவு முடிந்து நேர்ச்சாலைக்கு வந்ததும் அணைந்துவிட்டது. ஒயர் எங்கோ தளர்ந்திருக்கிறது என்று நினைத்தேன். அடுத்த வளைவில் மறுபடியும் எரிந்து அணைந்தது. ஏற்றத்திலும் வளைவிலும் ஆயில் ஒரு பக்கமாகச் சாயும்; குறைவாக இருந்தால் பம்பின் வாய் வெளியே தெரிந்துவிடும்; நேராக நின்றதும் மறுபடி மூழ்கிவிடும். அந்த விளக்கு அதைத்தான் என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தது. குழந்தைகளோடு காட்டுப் பாதையில் நிற்க மனமில்லாமல் ஓட்டிக்கொண்டே போனேன். பென்னாகரத்தை நெருங்கும்போது இன்ஜினுக்குள் யாரோ சுத்தியால் தட்டுவதுபோலச் சத்தம் கேட்டது. பேரிங்குகள் போய், கிராங்க்கில் ஆழமாகக் கீறல் விழுந்திருந்தது. இன்ஜினை முழுவதும் பிரித்து வேலை செய்ய 46,000 ரூபாய் ஆனது.

காரணம் மிகச் சிறியது. ஒன்றரை மாதத்துக்கு முன்பு ஆயில் மாற்றிய இடத்தில் வடிகால் போல்ட்டின் பழைய வாஷரையே திரும்பப் போட்டு முடுக்கியிருந்தார்கள். அதன் வழியே சொட்டுச் சொட்டாக இரண்டு லிட்டருக்கு மேல் போய்விட்டது. தரையைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்குமே என்று கேட்பீர்கள். வண்டி நின்ற கொட்டகையின் தரை செம்மண், விழுந்ததையெல்லாம் குடித்துவிட்டது. அன்றிலிருந்து இன்றுவரை வண்டி நிற்கும் இடத்தில் இன்ஜினுக்கு நேர் கீழே ஒரு அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போட்டுவைக்கிறேன். நீங்களும் இன்றிரவே போடுங்கள். காலையில் அதில் கறுப்புப் புள்ளி விழுந்திருந்தால் உங்கள் சந்தேகத்தில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும்.

உங்கள் காருக்கு நான் இவ்வளவு அவசரப்படுவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. அந்த இன்ஜினின் ஆயில் கொள்ளளவே மூன்று லிட்டரை ஒட்டியதுதான். ஆறேழு லிட்டர் பிடிக்கும் பெரிய வண்டியில் ஒரு லிட்டர் குறைவது வேறு, மூன்றில் ஒன்று குறைவது வேறு. மீதியிருக்கும் ஆயில் அதே சூட்டையும் அதே அழுக்கையும் சுமக்க வேண்டியிருப்பதால் விரைவில் களைத்துவிடும். இரண்டாவது, அந்த இன்ஜினின் டைமிங் செயினை, அதாவது கிராங்க்கோடு சேர்த்து வால்வுகளை இயக்கும் சங்கிலியை, இறுக்கிப் பிடிப்பதே ஆயிலின் அழுத்தம்தான். ஆயில் குறைவாகவே ஓடினால் செயின் தளர்ந்து, காலையில் கிளப்பும்போது கரகரவென்று சத்தம் போடத் தொடங்கும். போதாததற்கு நீங்கள் தினமும் குருபரப்பள்ளி தாண்டி மேலுமலை ஏற்றத்தில் ஏறுகிறீர்கள். கிருஷ்ணகிரிக்கும் ஓசூருக்கும் சுமார் 400 மீட்டர் உயர வித்தியாசம் இருக்கிறது. சமவெளியில் மன்னிக்கப்படும் குறை அங்கே மன்னிக்கப்படாது.

இப்போது பார்க்கும் முறை. இதில் எல்லோரும் அவசரப்படுகிறார்கள். வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும். சமதளம் என்று கண்ணுக்குத் தெரிவது பெரும்பாலும் சமதளமாக இருப்பதில்லை. வீட்டுப் போர்டிகோவில் தண்ணீர் ஓடுவதற்காக வாட்டம் விட்டிருப்பார்கள்; பெட்ரோல் பங்க் தரையிலும் அப்படித்தான். ஒரு கோலிக்குண்டைத் தரையில் வைத்துப் பாருங்கள், உருண்டால் வேறு இடம் தேடுங்கள். கிடைக்காவிட்டால், எப்போதும் ஒரே இடத்தில், ஒரே திசையில் நிறுத்திப் பாருங்கள். அளவு கொஞ்சம் தவறினாலும் எப்போதும் ஒரே மாதிரி தவறும்; ஏற்ற இறக்கம் தெரிந்துவிடும்.

அதிகாலையில், வண்டியைக் கிளப்புவதற்கு முன்பு பார்ப்பதே எனக்குப் பிடித்த முறை. இரவெல்லாம் நின்றதில் ஆயில் முழுவதும் சம்ப்பில் இறங்கியிருக்கும். சில வண்டிகளின் கையேட்டில் இன்ஜின் சூடேறிய பிறகு அணைத்துவிட்டு ஐந்து, பத்து நிமிடம் கழித்துப் பார்க்கச் சொல்லியிருப்பார்கள். அப்படி இருந்தால் கையேடு சொல்வதே சரி. ஆனால் ஒருநாள் சூட்டிலும் ஒருநாள் குளிரிலும் பார்த்து இரண்டையும் ஒப்பிடாதீர்கள். ஆயில் சூட்டில் விரியும். நான்கு லிட்டர் ஆயில் 70 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 200 மில்லிலிட்டர் பெருத்துக் காட்டும். “நேற்று சரியாக இருந்தது, இன்று குறைந்துவிட்டது” என்று பதறி வருபவர்களில் பலர் இப்படிப் பார்த்தவர்கள்தான்.

கம்பியை உருவி, நூல் உதிராத பழைய வேட்டித் துணியால் சுத்தமாகத் துடையுங்கள். முதல் தடவை எடுத்தபோது தெரிந்த அளவைக் கணக்கில் கொள்ளாதீர்கள். வண்டி ஓடும்போது தெறித்த ஆயில் கம்பி முழுவதும் பூசியிருக்கும். துடைத்த கம்பியை அடிவரை அழுத்திச் செருகி, இரண்டு நொடி விட்டு நேராக உருவுங்கள். இரண்டு பக்கமும் பாருங்கள். இரு பக்கமும் வேறுபட்டால் குறைவாகக் காட்டுவதையே எடுத்துக்கொள்ளுங்கள். புதிய ஆயில் தேன் நிறத்தில் இருப்பதால் கோடு தெரியாமல் கண்ணை ஏமாற்றும். ஒரு வெள்ளைத் தாளின் மேல் கம்பியைப் படுக்கவைத்தால் ஈரம் எங்கே முடிகிறது என்று தெரியும்.

கம்பியில் இருக்கும் இரண்டு கோடுகளுக்கும் இடைப்பட்ட அளவு பெரும்பாலான சிறிய கார்களில் முக்கால் லிட்டரிலிருந்து ஒரு லிட்டர்வரை. ஆகவே உங்களுக்கு முதலில் அரை லிட்டர் ஊற்றுங்கள். இன்ஜினின் தலையில் குடுவைப் படம் போட்ட மூடி இருக்கும். அதன் வழியாகத்தான் ஊற்ற வேண்டும், கம்பி செருகும் துளை வழியாக அல்ல. புனல் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். தண்ணீர் பாட்டிலை வெட்டிப் புனலாக்குபவர்கள் உள்ளே ஒரு துளி ஈரமும் இல்லாமல் துடைத்துக்கொள்ளுங்கள். ஊற்றியதும் ஐந்து நிமிடம் காத்திருந்து மறுபடி பாருங்கள். பிறகு 150, 200 மில்லியாக ஊற்றி, மேல்கோட்டுக்குச் சற்றுக் கீழே நிறுத்திக்கொள்ளுங்கள். மூடியைத் திருகி, ஒரு நிமிடம் இன்ஜினை ஓடவிட்டு அணைத்து, ஐந்து நிமிடம் கழித்துக் கடைசியாக ஒருமுறை பாருங்கள். வெளியே சிந்தியதைத் துடைத்துவிடுங்கள். சூடான சைலன்சர் குழாயில் பட்டால் புகையும்.

மேல்கோட்டைத் தாண்டாதீர்கள். கொஞ்சம் அதிகம் இருந்தால் நல்லதுதானே என்று நினைப்பது குறைவாக வைப்பதற்குச் சமமான தவறு. மட்டம் மிகவும் உயர்ந்தால் சுழலும் கிராங்க் ஆயிலில் அடித்து, மோர் கடைவதுபோல் நுரைக்க வைக்கும். நுரையில் பாதி காற்று. பம்ப் இழுப்பதும் காற்று. சீல்கள் பிதுங்கிக் கசியும். டீசல் வண்டியில் இன்னொரு பயங்கரம் உண்டு. அளவுமீறிய ஆயில் காற்றுக்குழாய் வழியே இன்ஜினுக்குள் போய்விட்டால் அதையே எரிபொருளாக்கிக்கொண்டு, சாவியைத் திருப்பி அணைத்த பிறகும் வெறிபிடித்ததுபோல் ஓடும். தவறி அதிகம் ஊற்றிவிட்டால் வெட்கப்படாமல் மெக்கானிக்கைக் கூப்பிட்டு, மெல்லிய குழாய் விட்டு உறிஞ்சி எடுக்கச் சொல்லுங்கள்.

எந்த ஆயில்? கையேட்டில் உள்ள தர எண்ணே விடை. உங்கள் இன்ஜினுக்குப் பொதுவாகச் சொல்லப்படுவது 5டபிள்யூ-30. டபிள்யூ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் எழுத்து. அதற்கு முன்னுள்ள எண் குளிரில் எவ்வளவு இளகி ஓடும் என்பதையும், பின்னுள்ள எண் 100 டிகிரி சூட்டில் எவ்வளவு கெட்டியாக இருக்கும் என்பதையும் சொல்கின்றன. “நம் ஊர் வெயிலுக்கு 15டபிள்யூ-40 போட்டால்தான் தாங்கும்” என்று பழைய மெக்கானிக்குகள் சொல்வார்கள். டிராக்டரிலும் பழைய ஜீப்பிலும் கைதேர்ந்தவர்கள். அந்த இன்ஜின்களுக்கு அது சரியாகவும் இருந்தது. ஆனால் வெளியே 40 டிகிரி வெயில் அடித்தாலும் இன்ஜினுக்குள் ஆயில் ஓடுவது 100 டிகிரியை ஒட்டித்தான். அங்கே வெயிலடிக்கும் தருமபுரியும் குளிர்ந்த தளியும் ஒன்றுதான். குறுகிய இடைவெளிகளை வைத்துச் செய்த இன்ஜினுக்குக் கெட்டியான ஆயில் மெதுவாகப் போய்ச் சேரும்.

நிறுவனம் மாறினால் பரவாயில்லை. முன்பு எந்த ஆயில் ஊற்றினார்கள் என்று தெரியாவிட்டாலும் தர எண் ஒன்றாக இருந்தால் கலக்கலாம். சிந்தெடிக்கும் மினரலும் கலந்தாலும் தயிராகத் திரிந்துவிடாது. வழியில் மாட்டிக்கொண்டு சரியான எண் கிடைக்காவிட்டால், அடிக்கோட்டுக்குக் கீழே ஓட்டுவதைவிட வேறு எண்ணுள்ள கார் ஆயிலை அரை லிட்டர் ஊற்றிக்கொண்டு வீடுவந்து சேர்வது மேல். பிறகு சீக்கிரம் முழுவதையும் மாற்றிவிடுங்கள். டூ-ஸ்ட்ரோக் பைக்குக்கான 2டி ஆயில், கியர் ஆயில், டிராக்டரின் ஹைட்ராலிக் ஆயில் ஆகியவற்றை மட்டும் எந்த அவசரத்திலும் தொடாதீர்கள். 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பி.எஸ்.6 (புகைக் கட்டுப்பாட்டுத் தரம்) டீசல் வண்டி வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. அவற்றின் புகைவடிகட்டிக்குச் சாம்பல் குறைந்த ஆயில் தேவை. எண் மட்டும் பொருந்தினால் போதாது. கையேட்டில் சொன்ன தரக்குறியும் டின்னில் இருக்க வேண்டும். சாதாரண ஆயிலின் சாம்பல் அந்த வடிகட்டியை நிரந்தரமாக அடைக்கும்.

டின்னின் சீல் உடையாமல் இருக்கிறதா என்று பார்த்து, பங்க்கிலோ தெரிந்த கடையிலோ பில்லோடு வாங்குங்கள். காலியான டின்னைத் துளைபோட்டுவிட்டுப் போடுங்கள்; துளையில்லாத காலி டின்களைத் தேடி வாங்கிப் போலி ஆயில் நிரப்புபவர்கள் இருக்கிறார்கள். வடித்த பழைய ஆயிலைக் கிணற்று மேட்டிலும் வேலியோரத்திலும் கொட்டுவது பாவம். நிலத்தடி நீரை ஆயிரம் அடிக்குத் தேடிப்போகும் ஊரில் நாம் அதைச் செய்யக்கூடாது.

இனி, அந்த ஆயில் எங்கே போனது? எல்லா இன்ஜினும் கொஞ்சம் ஆயில் குடிக்கும். ஆயிரம் கிலோமீட்டருக்கு அரை லிட்டர், சிலர் ஒரு லிட்டர்கூட இயல்பு என்று தயாரிப்பாளர்களே கையேட்டில் எழுதிவைத்திருக்கிறார்கள். ஒரு லிட்டர் என்பது அதிகம் என்பதே என் எண்ணம்; கால் லிட்டருக்குள் இருந்தால் நான் கவலைப்படமாட்டேன். உங்கள் கணக்கில் 5,800 கிலோமீட்டரில் ஒரு லிட்டரை ஒட்டிக் குறைந்திருக்கிறது. பிரித்தால் ஆயிரத்துக்கு 170, 180 மில்லி. 92,000 ஓடிய டீசலுக்கு அது நோயே அல்ல. ஆனால் ஒரு கேள்வி: ஆயில் மாற்றிய அன்று மேல்கோடுவரை ஊற்றினார்களா? பாதியோடு நிறுத்தியிருந்தால் இன்ஜின் குடித்தது இன்னும் குறைவு. அல்லது கடைசி ஆயிரத்தில்தான் முழுவதும் போயிருந்தால், அது கசிவாகவோ டர்போ சீலாகவோ இருக்கலாம். ஒரே ஒரு அளவை வைத்துக்கொண்டு இதில் எதையும் சொல்ல முடியாது. இன்ஜின் கெட்டுவிட்டதா என்பதற்கு இன்று விடை இல்லை என்று சொன்னது இதனால்தான்.

புகையும் ஓரளவு பேசும். நீலம் கலந்த புகை என்றால் ஆயில் எரிகிறது. காலையில் கிளப்பியதும் ஒருமுறை குப்பென்று புகை வந்து நின்றுவிட்டால் வால்வு சீல். ஏற்றத்தில் மிதிக்கும்போதெல்லாம் வந்தால் பிஸ்டன் ரிங் அல்லது டர்போ. பெட்ரோல் கார் வைத்திருப்பவர்களுக்குத் தொப்பூர் இறக்கம் நல்ல பரிசோதனைக்கூடம். கியரிலேயே, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து நெடுந்தூரம் இறங்கும்போது இன்ஜினுக்குள் இழுவிசை கூடி, தேய்ந்த வால்வு சீல் வழியே ஆயிலை உள்ளே இழுக்கும். கீழே வந்து மறுபடி மிதிக்கும்போது புகை வருகிறதா என்று பின்னால் வரும் நண்பரைப் பார்க்கச் சொல்லுங்கள். நியூட்ரலில் மட்டும் அந்த இறக்கத்தில் இறங்காதீர்கள்; அங்கே நடக்கும் விபத்துகள் நம் எல்லோருக்கும் தெரியும். பர்கூர், ஜெகதேவி பக்கம் குவாரிச் சாலைகளில் ஓடும் வண்டியென்றால் காற்று வடிகட்டியையும் பாருங்கள். அதன் ஓரம் சரியாக உட்காராமல் கிரானைட் தூசி உள்ளே போனால் ரிங்குகளை உப்புத்தாள்போல் தேய்த்துவிடும்.

நிறத்தைக் கண்டு பயப்பட வேண்டாம். டீசலில் ஆயில் மாற்றிய சில நாட்களிலேயே மையாகக் கறுத்துவிடும். அது புகைக்கரியைத் தன்னுள் சுமக்கிறது, அதுவே அதன் வேலை. பயப்பட வேண்டியது பால்காபி நிறத்துக்கு. தண்ணீரோ கூலண்ட்டோ கலந்திருக்கிறது, வண்டியை எடுக்காதீர்கள். அளவு குறைவதற்குப் பதிலாக ஏறிக்கொண்டே போவதும் அபாயம்தான். குறைந்த தூரமே ஓடும் பி.எஸ்.6 டீசல்களில், வடிகட்டியை எரித்துச் சுத்தம் செய்வதற்காகத் தெளிக்கும் டீசல் ஆயிலில் இறங்கி அதை நீர்க்கவைக்கும். கம்பி மேல்கோட்டைத் தாண்டிக் காட்டி, டீசல் வாசனையும் வந்தால் ஆயிலை உடனே மாற்ற வேண்டும்.

என் தாத்தா வாரச்சந்தைக்கு மாட்டுவண்டி பூட்டும் ஒவ்வொரு முறையும், சக்கரம் சத்தம் போடாவிட்டாலும், அச்சுக்கு மை தடவிவிட்டுத்தான் கிளம்புவார். வைக்கோல் கரியை விளக்கெண்ணெயில் குழைத்த மை, மூங்கில் குழாயில் வண்டிக்கடியில் தொங்கும். அந்த ஒழுங்கைத்தான் கேட்கிறேன். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, அல்லது ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை; ஒகேனக்கல், ஏற்காடு என்று மலையேறும் பயணத்துக்கு முன்பு தனியாக ஒருமுறை. பார்த்ததும் எழுதிவையுங்கள். டாஷ்போர்டுப் பெட்டியில் ஒரு சிறிய நோட்டு போதும்: தேதி, ஓடிய கிலோமீட்டர், இரண்டு கோடுகளுக்கு நடுவே எங்கே நின்றது, எவ்வளவு ஊற்றினீர்கள். ஊற்றிய அளவை எழுத மறந்துவிட்டால் மற்றதெல்லாம் வீண்.

நாளை ஊற்றி முடித்ததும் முதல் வரியை எழுதுங்கள். உங்கள் ஓட்டத்துக்கு ஆயிரம் கிலோமீட்டர் பத்து நாளுக்குள் வந்துவிடும். அதே இடத்தில், அதே காலை நேரத்தில் பார்த்து இரண்டாவது வரியை எழுதுங்கள். அந்த இரண்டு எண்களையும், அட்டையில் புள்ளி விழுந்ததா என்பதையும், நீலப்புகை வருகிறதா என்பதையும் எனக்குச் சொல்லுங்கள். ரிங்கா, சீலா, வெறும் வாஷரா என்பதை அப்போது பேசலாம்.